சுவிஸ் மலை முந்திரிகை

பணக்காரர் குடியிருக்கும் இல்-பிசார் தீவில், டொக்டர் குகநேசன் வீட்டு மேசையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. தன் மகளுக்கு டொக்டரின் மகனைச் சம்பந்தம் பேச வந்த தியாகலிங்கம், முந்திரிகைக் குலை வெட்டும் கத்தரியில் நுனி போன விரலை மடியில் மறைத்தபடி, வைன் கிளாசை இடக்கையால் வாங்குகிறார். டொக்டரின் மனைவிக்குப் புருவம் சுருங்குகிறது. "பெத்தித் ஆர்வின், அண்ணை. சுவிஸ் மலைச்சரிவிலை விளையிற முந்திரிகை. கடைசியிலை நாக்கிலை உப்புக் கரிக்கும்," என்கிறார் டொக்டர். அந்தச் சரிவில் முதுகு கிழியக் கூடை சுமந்தவர் இன்றுதான் அதைக் குடித்துப் பார்க்கிறார். கரிக்கத்தான் செய்கிறது. "நீங்கள் அங்கை பாங்கிலை எல்லோ வேலை செய்தனீங்கள்? இந்தத் தோட்டங்களைப் பாத்திருப்பியள்," என்கிறார் டொக்டர் மறுபடி. அந்தப் பொய்யைச் சொல்லிவைத்த தியாகலிங்கத்தின் மனைவி பாலாம்பிகை அவர் வாயையே பார்க்கிறாள். "ஓம்," என்கிறார், "பாங்கு யன்னலாலை வடிவாத் தெரியும்."