முப்பது இருக்கைகள் காலி

"என்னண்ணே, இன்னிக்கும் வெறும் வாளிதானா? உங்களப் பார்த்ததும் மீனெல்லாம் லீவு போட்டுருச்சா?"

மெர்வி சிரித்துக்கொண்டே கேட்டாள். உறைந்த ஏரியில் துளைபோட்டு மீன் பிடிக்கப் போய்விட்டு வந்த அந்த மனிதர் சிரிக்கவில்லை. அவரை அவள் இதற்குமுன் பார்த்ததே இல்லை.

பேருந்தில் முப்பது இருக்கைகள் காலி. லாஹ்தியில், ஏன் பின்லாந்து முழுக்கவே, அப்படியிருக்கும்போது அந்நியர் ஒருவரின் பக்கத்தில் போய் உட்காருபவர்கள் இரண்டே வகைதான். குடித்தவர்கள், புத்தி பிசகியவர்கள்.

அவர் வாளியை மடிக்கு இழுத்துக்கொண்டு ஜன்னலோரம் ஒடுங்கினார். மெல்ல மூச்சை இழுத்தார். சாராய வாடை வருகிறதா என்று பார்க்கிறார்.

காவல் நிலையத்துக்கு இன்னும் மூன்று நிறுத்தங்கள். அதுவரை பக்கத்தில் யாராவது இருந்தால் போதும்.

கடைசி வரிசையில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் இருந்தார். அவள் ஏறியதும் பின்னாலேயே ஏறியவர். அந்த அவசரத்திலும் ஒரு வயதான பெண்ணுக்கு வழிவிட்டு, ஓட்டுநருக்கு நன்றி சொன்னவர்.

மெர்வி பேசிக்கொண்டே இருந்தாள். பனி, தூண்டில், வாளிக்காரருடைய மனைவியின் முழங்கால் வலி. அவருக்கு மனைவி உண்டா என்றுகூட அவளுக்குத் தெரியாது. பேசப் பேச அவர் முகத்தில் பயம் கூடியது.

அவர் பார்வை கீழே போனது. பிப்ரவரி மாதம். அவள் காலில் வீட்டுக்குள் போடும் கம்பளிச் செருப்பு.

அவர் மணியை அழுத்தினார்.

பின்னால் காலடி ஓசை. சாம்பல் கோட்டு அவர்கள் அருகில் வந்து நின்றது.

"மன்னிச்சுக்கோங்க. என் மனைவி. கொஞ்ச நாளா மனசு சரியில்ல. வா மெர்வி, வீட்டுக்குப் போலாம்."

மென்மையான குரல். ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. வாளிக்காரர் முகம் தெளிந்தது. இப்போது அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

சொன்னதில் பாதி உண்மை. இருபத்தியொரு வருடமாக அவர் அவளுடைய கணவர்தான். அந்தக் குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை. வெளியிலிருந்து கதவைப் பூட்டும்போதுகூட.

பேருந்து நின்றது. கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. வாளிக்காரர் எழுந்தார்.

மெர்வி வாளியின் பிடியை இறுகப் பற்றினாள்.

"இன்னும் ரெண்டே ரெண்டு ஸ்டாப்புண்ணே," என்றாள், முதல்முறையாகச் சிரிக்காமல். "உக்காருங்க."