சுண்டிய துளி

லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக்கடையின் மாடியில் கூடும் கிறிஸ்தவ சபையில், அழகர்சாமிக்கு இன்று முதல் திருவிருந்து. கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் திராட்சை ரசத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். ஜன்னல் வெயில் அதில் விழுந்து கருஞ்சிவப்பாய் மின்னுகிறது. கீழே தெருவில் யாரோ யாரையோ ஊர்ப்பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அவனைப் பழைய ஞாயிற்றுக்கிழமைகளின் திடலுக்கு இழுத்துப்போகிறது: புல்லில் விரித்த செய்தித்தாள், முறுக்குப் பொட்டலம், கிண்ணம் கிண்ணமாய் ஊற்றிய சாராயம், தோளில் கிடந்த கூட்டாளிகளின் கைகள், சுதி விலகிய பாட்டு. அந்தக் குடி அவன் உடம்பையும் குடும்பத்தையும் தின்றது. பாட்டு மட்டும் இன்னும் இனிக்கிறது. சுற்றிலும் எல்லோரும் கண்மூடி ஜெபிக்கிறார்கள். அவன் விரல் தானாகக் கிண்ணத்தில் நனைந்து, திடலில் முதல் மடக்குக்கு முன் செய்வதுபோலவே, ஒரு துளியைத் தரையில் சுண்டிவிடுகிறது. விட்டொழித்தோம் என்று நினைத்தது விரலிலேயே உட்கார்ந்திருக்கிறதே. பக்கத்தில் இருக்கும் சாலமோன், அழகர்சாமி வேலைபார்க்கும் அதே ஜூரோங் கப்பல் பட்டறைக்காரன், அவனுக்கு முன்பே குடியிலிருந்து மீண்டவன், குனிந்து கைக்குட்டையால் துளியை ஒற்றியெடுக்கிறான்.

“நானும் மொத தடவ சுண்டிட்டேண்ணே. ஒண்ணுமில்ல லா, குடிங்க.”

அழகர்சாமி குடிக்கிறான். ஒரே மடக்கு, வெறும் இனிப்பு. திடலில் காலியான கிண்ணம் உடனே அடுத்ததற்கு நீளும். இங்கே அது மடியில் காலியாகவே இருக்கிறது.