வின்ச் காட்டிய எட்டு

லெய்ட்டே தீவின் படைத்தளத்தில் மீட்பு ஹெலிகாப்டர் இறங்கியது. அதில் ஆட்களைத் தூக்கும் வின்ச், ஒவ்வொரு தூக்கலையும் தானே எண்ணிக் காட்டும். வெள்ளத்திலிருந்து ஆறு பேரைத் தூக்கினார்கள். கயிற்றில் இறங்கிய வீரர் கடைசியாக ஏறினார். ஆக ஏழு. மெக்கானிக் அமிஹான் பார்த்தபோது எட்டு என்றிருந்தது.

இரண்டு வருடமாகவே ஒவ்வொரு முறையும் ஒன்று கூடுதல்தான். அவள் கணவன் இசகானியும் அப்படி இறங்குகிறவன். எல்லோரையும் அனுப்பிவிட்டுத்தான் ஏறுவான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு புயலில் கொக்கி மட்டும் மேலே வந்தது.

"அக்கா, இந்தக் கிழட்டு வின்ச்சுக்கு எண்ணவே தெரியல. சிவப்புச் சீட்டு கட்டி ஒதுக்குங்க, புதுசு வந்தாச்சு," என்றான் உடன் வேலைசெய்யும் ரோமெல்.

"அது ஒழுங்காத்தான் எண்ணுதுடா."

ஆனாலும் உத்தரவுப்படி கழற்றினாள். மறுநாள் காலையில் புதிய வின்ச்சின் முத்திரையை இருவரும் சேர்ந்தே உடைத்தார்கள். இன்னும் பறக்காத வின்ச். ஆனால் அதில் ஒன்று என்று காட்டியது. கொக்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஐயய்யோ, இதுவும் கோளாறா? திருப்பி அனுப்பிடலாமா அக்கா?"

அமிஹான் கொக்கியைத் தன் துண்டால், தலை துவட்டுவதுபோல் துடைத்தாள். 'நல்ல நிலையில் உள்ளது' என்ற மஞ்சள் சீட்டைக் கட்டினாள்.

"மெதுவாப் பேசுடா. இப்பத்தான் வந்திருக்காரு."