கீழே கிடந்த வோட்டு

"இன்னா பூவம்மா, உள்ள அடுப்பு மூட்டிக்கினியா? சோறு வெந்ததும் சொல்லு, நாங்களும் வர்றோம்!"

வரிசையில் நின்ற சாபிரா போட்ட சத்தத்தில் பள்ளிக்கூடத் தாழ்வாரமே சிரித்தது. வடிவாம்பாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ராயபுரத்துப் பெண்கள் வோட்டுச்சாவடியில் உதவிக்கு நின்ற எம்.ஏ. மாணவி அவள். சுதந்திர நாட்டின் முதல் பொதுத்தேர்தல். திரைக்குள் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப்பெட்டி, பெட்டி மேல் அவருடைய சின்னத்தின் படம். ஒரு மாதமாக மைக்கைப் பிடித்து, "யோசித்து வோட்டுப் போடுங்கள்" என்று தொண்டை கட்டப் பேசியவள். அன்று காலை வாசலில் ஒரு கட்சி ஏஜெண்டோடு காரசாரமான வாதம். பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய், ஒரே நிமிஷத்தில் தன் வோட்டைப் போட்டுவிட்டு வந்து, அந்த ஆளை வாயடைக்க வைத்தவள்.

"யோசிக்கிறதை வீட்டிலேயே யோசிச்சிட்டு வரக்கூடாதா?" என்று பூவம்மா நின்ற திரையைப் பார்த்துக் கத்தினாள்.

பூவம்மா வெளியே வந்தாள். துறைமுகத்தில் கரிக்கூடை சுமக்கிறவள். யாரையும் பார்க்காமல் தெருவாசலை நோக்கி ஓடினாள். இடுப்புச் செருகலில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது.

"நில்லு! என்ன அது?"

வடிவாம்பாள் பிடுங்கினாள். வோட்டுச் சீட்டு!

"பெட்டியில போடாம வெளியே கொண்டு போறியா? தெருமுனையில எவனோ சீட்டு வாங்கறானாமே, அவன்கிட்ட விக்கவா?"

"ஐயோ, என் வோட்ட நான் போட்டுட்டேன்மா. இது மேசைக்குக் கீழ கெடந்தது. பொட்டி வாயில சரியா எறங்காம வுழுந்துட்டாப்ல கீது."

தேர்தல் அதிகாரி வந்தார். சீட்டை வாங்கி எண்ணை உரக்கப் படித்தார். "நாற்பத்தேழாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. கிடந்தா என்கிட்ட கொடுக்கறதுதானே?"

"எனக்கு முன்னாடி ஒரு அம்மா போனாங்க சாமி. அவங்களுதான்னு கேக்க ஓடினேன்."

"ஏதாவது ஒரு பெட்டியில போட்டிருக்கலாமே, யாருக்குத் தெரியப்போவுது?" என்று காலையில் வாதம் செய்த அந்த ஏஜெண்ட் இளித்தார்.

பூவம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எம் புருசன் கப்பல்ல கரி எறக்கும்போது சங்கிலி அறுந்து செத்தான். யாரு வந்து எட்டிப் பாத்தாங்க, யாரு பாக்கலன்னு ஒரு மாசமா யோசிச்சு என் வோட்டப் போட்டேன். இந்த மவராசியும் அப்டித்தான யோசிச்சிருக்கும்? எந்தப் படத்துக்குன்னு நான் இன்னா கண்டேன்? என் இஸ்டத்துக்குப் போட்டா திருட்டாயிடாது? அதான் இன்னா பண்றதுன்னு புரியாம நின்னுகினே இருந்தேன்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"யாருக்கு எந்த எண் கொடுத்தோம்னு எழுதி வைக்கறதில்லை. யாராவது வந்து 'இது என்னுது'ன்னு சொன்னா விட்டுடறேன். இல்லேன்னா ஸ்டேஷன்தான்."

சுற்றிலும் பார்த்தார். யாரும் முன்வரவில்லை.

"டேசன்ல வச்சாங்கன்னா நாளைக்கே மேஸ்திரி என் பேர வெட்டிடுவான் சாமி! வூட்ல மூணு கொயந்த கீது!"

"அழுகைக்கெல்லாம் இரங்காதீங்க சார்," என்றாள் வடிவாம்பாள். "இப்படி ஒருத்தியை விட்டா, நாளைக்கு நாடே விலை போயிடும்."

போலீஸ்காரர் பூவம்மாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனார். போகிற போக்கில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கதானேமா டோல்கேட்டாண்ட மைக்குல சொன்னீங்க? ஒரு வோட்டு கூட வீணாப் போவக்கூடாதுன்னு..."

வடிவாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த வெட்கக்கேட்டைச் சூட்டோடு சூடாக எழுதி வைக்க டைரியை எடுத்து, அன்றைய பக்கத்தைப் புரட்டினாள்.

காலையில் வோட்டுப் போட்டுவிட்டு வந்ததும், சரித்திரத்துக்காக அவளே முத்து முத்தாக எழுதி வைத்த வரி அங்கே இருந்தது.

'என் முதல் வோட்டு. சீட்டு எண் 47312.'

வாசலில் பூவம்மாவை ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டி இன்னும் கிளம்பவில்லை. ஏஜெண்ட் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வடிவாம்பாள் டைரியை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"அடுத்தது யாரு? சீக்கிரம் வாங்க," என்றாள்.