மாமியார் ஊற்றிய ஆயில்

"பெட்ரோல் காருக்கு ஊத்தற ஆயிலை இந்த டீசல் வண்டியில யார் சார் ஊத்தினது?"

மெக்கானிக் கேட்டதும் அவனுக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. வீட்டில் அந்தப் பொறுப்பை வலிய இழுத்துப் போட்டுக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். மாமியார். மாமனார் போன பிறகு மகளோடு வந்து தங்கியவர், சும்மா உட்கார மாட்டேன் என்று காரைத் துடைப்பார், தண்ணீர் பார்ப்பார், ஆயில் குறைந்தால் ஊற்றுவார்.

"அதனாலதான் வண்டி அறுபதைத் தாண்ட மாட்டேங்குதா?"

"ஆமா சார். புகையில வர்ற கரியைப் பிடிக்க டீசல் வண்டியில ஒரு ஃபில்டர் இருக்கு. இந்த ஆயில் எரிஞ்சா சாம்பல் ஜாஸ்தி. ஃபில்டர் அடைச்சுக்கிச்சு. வண்டி தன்னைக் காப்பாத்திக்கத் தானே வேகத்தைக் குறைச்சுக்குது. ஆனா ஒரு தடவை ஊத்தினா இப்படி ஆகாதே. மாசக்கணக்கா ஊத்தியிருக்கணும். போன சர்வீஸ்லயே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார்."

"நான் போன்ல இருந்தேன். அத்தைதான் கேட்டுக்கிட்டாங்க."

"நல்லாக் கேட்டாங்க போங்க" என்றார் மெக்கானிக்.

அவன் மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. காலையில் ஒரு ஊர், மதியம் ஒரு ஊர். மற்றவர்கள் காலையில் கிளம்பி மதியம் போய்ச் சேரும் இடத்துக்கு இவன் போய், வேலையை முடித்து, திரும்பியும் வந்துவிடுவான். ஆபீஸில் அவனுக்கு 'ராக்கெட்' என்று பெயர்.

அந்த ராக்கெட்டைத்தான் இப்போது பால் வண்டிக்காரன் பின்னாலிருந்து ஹாரன் அடித்து ஓரம் போகச் சொல்கிறான். நேற்று மேனேஜர் வேறு கூப்பிட்டு, "இன்னொரு தடவை லேட்டா வந்தா உன் ஏரியாவை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தபோது மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, மெக்கானிக் குடுத்த டின்னு ஷெட்டுல இருக்கே. அதை ஊத்தலையா?"

"ரெண்டும் ஒரே நிறமாத்தானே இருந்துச்சு மாப்பிள்ளை. உங்க மாமா காருக்கு வாங்கின டின்னு நாலஞ்சு, நான் இங்க வர்றப்ப சாமானோட வந்துச்சு. வீணாப் போகுதேன்னு ஊத்தினேன்."

"மெக்கானிக் அவ்வளவு சொல்லியிருக்காரே அத்தை."

"வயசாச்சு மாப்பிள்ளை. காதுல விழறது ஒண்ணு, மனசுல நிக்கறது ஒண்ணு."

இதற்கு மேல் என்ன பேசுவது? மாமியாரை முகத்துக்கு நேரே திட்ட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு அறைக்குள் போனான். அங்கே மனைவி இருந்தாள். வசதியாகப் போயிற்று.

"உங்கம்மா உதவி பண்ணாம இருந்தாலே அது பெரிய உதவி. எனக்கு வேலை போயிடும் போலிருக்கு."

"அவங்க வேணும்னா பண்ணினாங்க? கொஞ்சம் மெதுவா வந்தாத்தான் என்னவாம்?"

"மெதுவாவா? ஆமை முந்திட்டுப் போகுது. நாளைக்கு ஃபில்டரை மாத்திடறாங்க, வண்டி பழையபடி பறக்கும். இனிமே பானெட் பக்கம் அவங்க நிழல்கூடப் படக் கூடாது. சொல்லி வை."

அவள் சமையலறைக்குப் போனாள். அவன் முகம் கழுவினான். எரிச்சல் மட்டும் போகவில்லை. ஒரு வாய் காபியாவது குடிக்கலாம் என்று சமையலறைப் பக்கம் வந்தவன், உள்ளே மனைவியின் குரல் கேட்டு நின்றான்.

"ஏம்மா, மாத்திரை அட்டையில பொடிப் பொடியா இருக்கறதைக்கூடப் படிச்சு எது எப்பன்னு எனக்குச் சொல்ற ஆளு நீ. டின்னு மேல அவ்வளவு பெரிசா எழுதியிருக்கு, தெரியலையா?"

மாமியார் அடுப்பைத் தணித்தார்.

"தெரியும்."

"தெரிஞ்சேவா ஊத்தினே?"

"இதை ஊத்தினா வண்டி அறுபதைத் தாண்டாதுன்னு மெக்கானிக் சொன்னாரு. எனக்கு அது ஒண்ணுதான் மனசுல நின்னுச்சு."

"அம்மா..."

"மெதுவாப் போங்கன்னு நீயும் கெஞ்சிப் பார்த்தே, நானும் ஜாடையாச் சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளை கேட்டாரா? அவர் வர்ற வரைக்கும் நீ சாப்பிடாம வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கே. பெத்தவ எத்தனை நாள் அதைப் பார்த்துக்கிட்டிருப்பேன்?"

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்கப்பா காருலயும் யாராவது இப்படி எதையாவது ஊத்தியிருந்தா, அன்னிக்கு அவர் லேட்டாவாவது வீடு வந்து சேர்ந்திருப்பார்டி."