மக்கர்

“இந்தத் தகர டப்பாவைக் கப்பல்ல ஏத்தி அனுப்பினவன் உருப்படுவானா?”

தேனீக்காரர் போட்ட சத்தத்தில் அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். வாசலில் அந்த நாலு சக்கர பைக் மௌனமாக நின்றிருந்தது. தேனீக்காரர் அதன் பின் டயரை ஓங்கி ஓர் உதை விட்டார். வலித்தது அவருக்குத்தான்.

“மறுபடியும் மக்கரா?”

“மக்கர் பண்ணாத நாள் எது? விலை கம்மின்னு வாங்கினேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

மேட்டுச் சரிவில் இருக்கும் தேனீப் பெட்டிகளுக்குப் போய்வர அவர் வாங்கிய வண்டி அது. இறக்குமதிச் சரக்கு, மலிவு விலை. முதல் மாதமே கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்தது. அடுத்து செயின் கழன்றது. நட்டுகள் ஒவ்வொன்றாக வழியெல்லாம் உதிர்ந்தன. உதிரிபாகம் கேட்டுப் போனால், வண்டி விற்ற கடை இருந்த இடத்தில் யாரோ முடிவெட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேறு வழியில்லாமல்தான் மனைவி அப்போது முதன்முதலாக மகனுக்குப் போன் போட்டார். தேன் தொழில் வேண்டாம் என்று நகரத்துக்குப் போய் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தவன் அவன். “தேனீ கொட்டினா வீக்கம் ரெண்டு நாள்ல வடிஞ்சிடும். இவன் கொட்டினது வடியாது” என்று அப்பா அவனோடு பேச்சையே நிறுத்தியிருந்தார்.

ஆனால் நடுவழியில் நின்ற வண்டிக்கு ரோஷம் புரியுமா? மனைவி போனைப் பிடித்துக்கொள்ள, அப்பா எதிர்ச் சுவரைப் பார்த்துக் கோளாறைச் சொல்ல, மகன் மருந்து சொன்னான். பிறகு நல்ல கார்புரேட்டர் ஒன்றைத் தேடிப்பிடித்துப் பார்சலில் அனுப்பினான். வயரிங் முழுவதையும் போனிலேயே சொல்லிச் சொல்லி மாற்றவைத்தான்.

அதற்கப்புறமும் வண்டி திருந்தவில்லை. காலையில் பெட்டிகளைச் சுமந்துகொண்டு சமர்த்தாக மேடேறும்; சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொள்ளும்.

“பால்காரர் இதைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. நல்ல விலையும் தரேங்கறாரு. குடுத்துத் தொலைங்களேன்” என்றார் மனைவி.

“அந்த மனுஷன் நமக்கு என்ன கெடுதல் பண்ணினாரு? இந்தப் பாவத்தை அவர் தலையில கட்டச் சொல்றியா? போனைக் குடு!”

இப்போதெல்லாம் போனை அவரே பிடித்துக்கொள்கிறார்.

“ஸ்டார்ட்டே ஆகலடா.”

“ஃப்யூஸ் பாத்தீங்களாப்பா?”

“பாத்துட்டேன்.”

“பெட்ரோல்?”

“நிறைய இருக்கு. நீ சாப்பிட்டியா?”

“இனிமேதான். சோக்கை இழுத்துப் பாத்தீங்களா?”

“எல்லாம் பாத்தாச்சு. என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? சளியா?”

மறுமுனையில் மகன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“இது போன்ல தீராதுப்பா. நாளைக்கு லீவுதான். நானே நேர்ல வந்து பாக்கறேன்.”

தேனீக்காரர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். “வா, வா. வந்து பாரு. இது என்னைப் படுத்தற பாடு உனக்கே தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

வீட்டைவிட்டுப் போன பிறகு முதல்முறையாக மறுநாள் மகன் வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். தோள் பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே வண்டியிடம் போனான். அப்பா ஸ்பேனர் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். எங்கே பார்ப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

மகன் சீட்டைத் தூக்கிவிட்டு உள்ளே கைவிட்டுத் துழாவினான். எதையோ அழுத்தினான். எழுந்து வந்து ஸ்டார்ட்டரைத் தொட்டதுதான் தாமதம், வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

“அட! என்னடா பண்ணின?” என்றார் அம்மா.

“ஒண்ணுமில்லம்மா. சின்ன லூஸ் கனெக்‌ஷன்.”

“இதெல்லாம் ஒரு வண்டியா? நல்ல கம்பெனி வண்டின்னா இப்படி லூஸாகுமா?” அப்பா திட்டினார். ஆனால் வழக்கமான காரம் அதில் இல்லை.

மதியம் இருவரும் அதிலேயே மேட்டுக்குப் போனார்கள். ஏற்றத்தில் ஒரு இருமல்கூட இருமவில்லை வண்டி. முகவலையைச் சரியாகக் கட்டாமல் பெட்டியைத் திறந்த மகனுக்குக் காதில் ஒரு கொட்டு. அப்பா நகத்தால் கொடுக்கைச் சீவி எடுத்துவிட்டு, “ஒர்க்‌ஷாப் போயி எல்லாம் மறந்துட்ட” என்று வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று மகன் யோசித்தான்.

திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. பாத்திரங்களை எடுத்துப்போக வந்த அம்மாவும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா பெட்டிகளைப் பற்றிக் கேட்காமலேயே சொன்னார்; மகன் ஒர்க்‌ஷாப்பைப் பற்றிச் சொன்னபோது குறுக்கே பேசாமல் கேட்டார்.

பஸ்ஸுக்கு நேரமானது. மகன் பையை மாட்டிக்கொண்டு கிளம்ப, வழியனுப்ப வந்த தேனீக்காரர் வண்டி பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

“அப்போ... இனிமே இது மக்கர் பண்ணாதில்ல?” கேட்டவர் குரலில் சுரத்தே இல்லை.

அம்மா தேன் பாட்டில் எடுத்துவர உள்ளே போயிருந்தார். மகன் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அப்பாவின் காதருகே குனிந்தான்.

“அடுத்த தடவை பிளக் வயரை மட்டும் கழட்டாம, பெரிய ரிப்பேரா பண்ணி வைங்கப்பா... நாலு நாள் லீவு போட்டுட்டு வரேன்!”