கொக்கியில் தொங்கிய துண்டு

ஹோட்டலின் 412-ஆம் அறையிலிருந்த வெள்ளைத் துண்டுக்கு நடந்தது அநியாயம், அதற்கு வேறு பெயர் கிடையாது. கொக்கியில் ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தும் அதைத் தினமும் சலவைக்கு இழுத்துப்போனார்கள்.

குளியலறைச் சுவரில் ஓர் அட்டை இருந்தது. 'துண்டைத் தரையில் போட்டால் துவைக்கிறோம். கொக்கியில் மாட்டினால் துவைக்க மாட்டோம். தண்ணீரைக் காப்போம்' என்று பச்சை எழுத்தில் சொன்னது. ஆபீஸ் வேலையாக வந்து தங்கியிருந்தவரும் அதை நம்பி, குளித்ததும் துண்டை உதறி மாட்டிவிட்டுத்தான் மீட்டிங்குக்குக் கிளம்புவார்.

துண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவேளை இது கொக்கியே இல்லையா? அதற்குள் ஓரத்தில் நூல் பிரியத் தொடங்கிவிட்டது. இன்னும் நாலு தடவை துவைத்தால் கிழித்துத் தரை துடைக்கப் போட்டுவிடுவார்கள்.

"நீ கோணலாத் தொங்குறியோ என்னமோ," என்றது ஹேர் டிரையர்.

"நேராத்தான் தொங்குறேன்! நீ உன் சூட்டைப் பாரு," என்று சீறிவிட்டு, துண்டு அட்டையிடம் திரும்பியது. "அக்கா, மாட்டினா துவைக்க மாட்டோம்னு நீங்கதானே சொல்றீங்க? அப்புறம் எந்த நியாயத்துல தினமும் என்னைக் கொண்டுபோறாங்க? பதில் சொல்லுங்க!"

அட்டைக்கும் குழப்பமாகத்தான் இருந்தது.

"தெரியலைம்மா," என்றது. "என்னை விருந்தாளிங்க படிக்கத்தான் வச்சிருக்காங்க. துவைக்கிறவங்ககிட்ட யாரும் என்னைக் காட்டினதா ஞாபகமே இல்லை."